தொண்ணூற்றோராம் நாள்

நான் மோட்டார் சைக்கிளில் நாற்பதுக்கு மேல் ஓடுவதில்லை. களுதாவளையிலிருந்து கல்லடியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியில், தயிர்ச்சட்டி கட்டிய சைக்கிள்காரர்கூடச் சிலநேரம் என்னை முந்திப் போவார். அதனால் எனக்கு வெட்கமில்லை. வீதியில் விழுந்தவர்களின் எலும்புப் படங்களை நான்கு வருடமாகப் பார்த்தவனுக்கு வேகத்தில் ஆசை வராது.

இந்த விசாரணையில் நீங்கள் என்னை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்கிறேன்.

என் பெயர் வினாயகமூர்த்தி. கனரக வாகன விபத்துப் பின்பராமரிப்புச் செயற்றிட்டத்தின் கள இணைப்பாளர். பெயர்தான் நீளம். லொறி, பஸ், டிப்பர் போன்ற பெரிய வாகனங்களுக்குள் இருந்தபோது விபத்தில் காயப்பட்டு, ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை நாங்கள் தொண்ணூறு நாட்களுக்குத் தேடிப்போய்ப் பார்ப்போம். காயம் ஆறுகிறதா, மருந்து குடிக்கிறார்களா, கால் கை மடங்குகிறதா என்று விசாரித்துப் படிவம் நிரப்புவோம். மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் எங்களிடம் இடமில்லை. அவர்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள்.

முதல் வருடம் ஆள் கிடைக்காமல் சிரமப்பட்டோம். நெல் மூட்டைகளுக்கு மேல் படுத்துக்கொண்டு போன ஒருவர் லொறி கவிழ்ந்து இடுப்பு முறிந்து கிடந்தார். அவர் வாகனத்துக்கு உள்ளே இருந்தவரா, மேலே இருந்தவரா என்று இரண்டு கூட்டம் வைத்துப் பேசினோம். மூட்டை உள்ளே இருந்தது, ஆள் மூட்டைக்கு மேலே இருந்தார் என்று முடிவாயிற்று. அவரைச் சேர்க்கவில்லை.

ஆகவே, சித்தாண்டிக்குக் கிட்ட ஒரு தனியார் பஸ்ஸும் நெல் லொறியும் மோதிவிட்டன என்ற செய்தி மாசி மாதத்தில் வந்தபோது எங்கள் பணிப்பாளர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். யாரும் செத்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். செத்தவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்க முடியாது. ஒருவரும் இல்லை என்றேன். காயம் எத்தனை பேருக்கு என்றார். பதினாறு பேர். பதினாறு பேருமே உள்ளே இருந்தவர்கள். அன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணியோடு பற்றீஸ் வாங்கினார்கள்.

அந்த லொறியை ஓட்டியவர்தான் கந்தப்போடி. உன்னிச்சை ஆள், வயது ஐம்பத்தெட்டு. அறுவடை நேரத்தில் உன்னிச்சை வயல் வட்டைகளிலிருந்து ஆலைகளுக்கு நெல் ஏற்றுவார். மற்ற மாதங்களில் செங்கல், மணல். முப்பது வருடம் ஓடியும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடிக்காத மனிதர் என்று அவருடைய மனைவி புஸ்பம் அக்கா சொல்வார். அன்றும் பிழை பஸ்காரனுடையதுதான். ஒரு உழவு இயந்திரத்தை முந்த வெளியே எடுத்தவன் நேரே வந்து அடித்தான். லொறி வயலுக்குள் சரிந்தது. கந்தப்போடிக்கு இடது தொடை எலும்பு முறிந்தது, தலை கதவில் அடிபட்டது. பெரியாஸ்பத்திரியில் அன்றே எடுத்த ஸ்கேனில் தலைக்குள் ஒன்றுமில்லை. தொடைக்குத் தகடு வைத்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாளிலிருந்து எங்கள் தொண்ணூறு நாட்கள் ஆரம்பம்.

அவரைப்போல ஒரு பயனாளியை நான் பார்த்ததில்லை. சொன்ன பயிற்சியைச் சொன்ன நேரத்துக்குச் செய்வார். படிவத்தில் "உங்கள் இலக்கு" என்று ஒரு வரி உண்டு. மற்றவர்கள் "சுகமாதல்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இன்னொருக்கா இந்தக் காலால கிளச்ச மிதிக்கணும் தம்பி" என்றார். அதை அப்படியே எழுதினேன். அறுபதாம் நாள் ஊன்றுகோலோடு வாசலில் நின்று சிரித்தார். அந்தப் படம்தான் பிறகு எங்கள் அறிக்கையின் அட்டையில் வந்தது. நான் எடுத்த படம்.

இனி அந்த ஐந்து வீதம் பற்றிச் சொல்லவேண்டும். அதை விளங்கிக்கொள்ளாமல் என்னை விளங்கிக்கொள்ள முடியாது.

எங்களைத் தாபித்தவர்கள் வைத்த அளவுகோல் இது: தொண்ணூறு நாட்களுக்குள் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது. அவ்வருடம் எங்களிடம் நாற்பது பேர். ஆகவே இரண்டு பேருக்கு இடமிருந்தது. இரண்டும் வைகாசிக்கு முன்பே நிரம்பிவிட்டன. ஒருவர் பஸ் கண்டக்டர், காயத்தில் சீழ் வைத்துத் திரும்பப் போனார், அது நியாயம். மற்றவர் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்த பஹீமா என்ற ஆசிரியை. அவரைச் சேர்த்தது டெங்குக் காய்ச்சலுக்கு. நுளம்பு கனரக வாகனம் அல்ல என்று நான் இரண்டு மாதம் கடிதம் எழுதினேன். காரணம் எதுவானாலும் சேர்ந்தது சேர்ந்ததுதான் என்று பதில் வந்தது. ஆனி மாத ஆரம்பத்தில் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. மூன்றாவது ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் செயற்றிட்டம் மூடப்படும். மூடினால் எத்தனை பேர் ஆதரவில்லாமல் போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். அந்த நாட்களில் வேறு எதையும் யோசிக்கவில்லை என்றே சொல்லலாம்.

கந்தப்போடியின் எண்பத்துநான்காம் நாள் ஒரு புதன்கிழமை. அன்று அவருடைய வீட்டுக்குப் போனவர் எங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் நஸ்ஹா. காத்தான்குடிப் பிள்ளை, கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே சொன்னார்.

"சேர், கந்தப்போடி ஐயாட இடது கை தூக்கினா நிக்குதில்ல. கதைக்கக்குள்ள வாய் ஒரு பக்கம் இழுக்குது. தலையிடி எண்டு படுத்தே கிடக்காராம். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்திரணும் சேர்."

எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார். நான் வாங்கி ஆவணக் கோவையில் போட்டேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. அடுத்த ஏழு நாளும், ஒரு நாள் தவறாமல், நானே நேரில் போய் அவரைப் பார்த்தேன்.

அன்றே, நஸ்ஹா போய் நடத்துவதற்கு, ஓட்டமாவடியில் ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்று ஒழுங்கு செய்தேன். நோயாளியை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எப்படி என்பதுதான் தலைப்பு. அவர் அதை நன்றாக நடத்தினார் என்று பங்குபற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனேன். வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. உன்னிச்சை போய்ச்சேர முகமெல்லாம் புழுதி. கந்தப்போடி முன் அறையில் கட்டிலில் கிடந்தார். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார். புஸ்பம் அக்கா தேத்தண்ணி கொடுத்தார். கோப்பையை அவர் இடது கையால் வாங்கினார். அது மெல்லச் சரிந்து, தேத்தண்ணி முழுவதும் அவருடைய இடுப்புச் சாரத்தில் கொட்டியது. அவருக்கு அது தெரியவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தே என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் கூட, தண்ணீர் குடிப்பது போதாது என்று சொன்னேன். பனடோல் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை செயற்றிட்ட வாகனத்தோடு நானே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தேன். புதன்கிழமைக்கு ஏன் காத்திருக்கவேண்டும் என்று புஸ்பம் அக்கா கேட்டார். வாகனம் அன்றுதான் கிடைக்கும் என்றேன். வாகனம் கல்லடியில் மாமரத்துக்குக் கீழே நின்றது.

வெள்ளிக்கிழமை அவர் என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி செத்துப் பத்து வருடமாம்.

சனிக்கிழமை புஸ்பம் அக்கா ஒரு கடதாசியோடு வாசலில் காத்திருந்தார். நாங்கள் எல்லா வீடுகளுக்கும் கொடுக்கும் துண்டுப்பிரசுரம். அவருக்கு வாசிக்கத் தெரியாது, படங்களைப் பார்த்திருக்கிறார். தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதன், வாய் கோணிய மனிதன், கை தொங்கிய மனிதன். விரலை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார்.

"இதில போட்டிரிக்கிற மாதிரியே இவருக்கும் இரிக்கு தம்பி. இது என்னத்துக்குப் போட்டது?"

அது வேறு ஆட்களுக்கு, தலையில் அடிபட்ட ஆட்களுக்கு என்றேன். இவருக்கும் தலையில் அடிபட்டதுதானே என்றார். அன்றைக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், இவருக்கு முக்கியமாகக் கால்தான் என்றேன். கடதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதியவன் நான். "தலையில் அடிபட்டவருக்கு, முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும், வாரங்கள் மாதங்கள் கழித்தும் மூளைக்கு வெளியே மெல்ல இரத்தம் தேங்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்." வசனங்கள் எளிமையாக இருக்கின்றன என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. பக்கத்து வீட்டுக்காரருடையது. புஸ்பம் அக்கா இனிப் பொறுக்க மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டார். கந்தப்போடிக்குச் சேட்டுப் போட்டு, தலைவாரி, ஒரு பையில் சாரமும் துவாயும், ஆஸ்பத்திரியில் சிகிச்சை விவரம் எழுதிக் கொடுத்த கிளினிக் கொப்பியும் வைத்திருந்தார். இரண்டுபேர் சேர்ந்து அவரைத் தூக்க ஆயத்தமாக நின்றார்கள்.

நான் சத்தம் போடவில்லை; சத்தம் போடுவது என் இயல்பில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய வைத்தியர் வரமாட்டார், முறிந்த தொடையோடு ஓட்டோவில் அந்த றோட்டால் கொண்டுபோனால் தகடு விலகிவிடும் என்றேன். பிறகு கிளினிக் கொப்பியைக் கேட்டேன். புதன்கிழமைக்கு இடம் பதிய அதிலுள்ள விவரம் வேண்டும் என்றேன். புஸ்பம் அக்கா பையைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார்.

கொப்பி இல்லாமல் போனால் ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள் என்று அந்தப் பக்கத்துச் சனம் நம்புகிறது. அப்படியொரு சட்டம் இல்லை. விபத்துப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். நான் அவர்களுக்குச் சொன்னது பொய் என்று எழுதாதீர்கள். கொப்பி பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். ஓட்டோக்காரர் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரம் நஸ்ஹா ஓட்டமாவடியிலிருந்து தொலைபேசியில் கேட்டார். ஐயாவை அனுப்பிவிட்டீர்களா, ஸ்கேன் எடுத்தார்களா என்று. கிளினிக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கந்தப்போடிக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு ஒரு மணி நேரம் இருந்தேன். கண்ணை மூடியபடியே கதைத்தார். சொல்லுகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி விழுந்தது.

"இண்டைக்கு எத்தினையாம் நாள் தம்பி?"

எண்பத்தொன்பது என்றேன்.

"தொண்ணூறு முடிஞ்சாச் சுகம் எண்டு நீங்கதானே சொன்ன. இன்னம் ஒரு நாள்தான். நான் தாங்குவன். புஸ்பத்துக்குச் சொல்லுங்க, சும்மா அழுதுகொண்டு நிக்கா."

ஓம் அண்ணே என்றேன். அவர் என் கையைப் பிடிக்கத் தேடினார். வலது கையால்தான் தேட முடிந்தது. நான் இருந்தது இடது பக்கம். கதிரையை மாற்றிப் போடலாம் என்று நினைத்தேன். அதற்குள் தூங்கிவிட்டார்.

இதைக் கேட்டு உங்கள் செயலாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் எழுதலாம். நான் அவசரப்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை தொண்ணூறாம் நாள். இறுதிப் படிவம் நிரப்பவேண்டிய நாள். காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாராம். நான் போனபோது குறட்டைபோல ஒரு சத்தத்தோடு மூச்சு வந்துகொண்டிருந்தது. படிவத்திலுள்ள கேள்விகள் எல்லாவற்றையும் முறைப்படி வாசித்தேன். வலியின் அளவு, பூச்சியத்திலிருந்து பத்துவரை. மூன்று முறை கேட்டேன். பதில் வராததால் பூச்சியம் என்று குறித்தேன். தூக்கம்: நல்லது. செயற்றிட்டத்தில் திருப்தியா என்ற கேள்விக்கு நோயாளி சார்பாக வீட்டுக்காரர் பதில் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. புஸ்பம் அக்காவைக் கேட்டேன். அவர் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார்.

"நீங்க ஒராள்தானே நாளாந்தம் வந்து பாக்கிற. உங்களை விட்டா எங்களுக்கு ஆரிரிக்கா?"

மிகவும் திருப்தி என்று குறித்தேன்.

தொண்ணூற்றோராம் நாள் காலை ஆறு மணிக்கே வாகனத்தோடு போய்விட்டேன். வாக்குக் கொடுத்தபடி. பின் இருக்கையில் புஸ்பம் அக்கா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். லொறி ஓடிய மனிதருக்கு வழி தெரியும், இடங்களின் பெயர் காதில் விழுந்தால் கண் விழிப்பார் என்று நினைத்தாரோ என்னவோ, வழியெல்லாம் குனிந்து காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். ஆயித்தியமலைச் சந்தி வந்திட்டு. வவுணதீவு வந்திட்டு. பாலம் வந்திட்டு, இஞ்ச பாருங்க, பாலம் வந்திட்டு.

ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நேற்றிலிருந்து என்று நான் சொன்னேன். புஸ்பம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். படித்தவர்கள் நாட்களை வேறுமாதிரி எண்ணுவார்கள் என்று நினைத்திருக்கலாம். கிளினிக் கொப்பியைக் கேட்டார்கள். என்னிடம் பத்திரமாக இருந்தது.

அன்றே தலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெள்ளிக்கிழமை விடிய இறந்துபோனார். ஒரு கிழமைக்கு முதல் கொண்டுவந்திருந்தால் ஒரு சின்னத் துளையோடு முடிந்திருக்கும், எழும்பி நடந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று வைத்தியர் புஸ்பம் அக்காவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். புஸ்பம் அக்கா என் பக்கம் திரும்பி, "நான் தான் தம்பி பிந்தினது. ஞாயித்துக்கிழமையே ஏத்தியிருக்கணும்" என்றார். நீங்கள் அப்படி நினைக்கக்கூடாது அக்கா என்று ஆறுதல் சொன்னேன்.

சனிக்கிழமை அடக்கத்துக்கும் போனேன். பின்பராமரிப்பு தொண்ணூறு நாளோடு முடிந்தாலும் மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் அதை மேலதிக வீட்டுத் தரிசிப்பு என்று பதிந்தேன். நோயாளியைச் சந்தித்தீரா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத முடிந்தது.

மதிப்பீட்டுக் குழு அடுத்த கிழமை வந்தது. நாற்பது பேரில் இரண்டு பேர். சரியாக ஐந்து வீதம். தொண்ணூறு நாட்களுக்குள் மரணம் ஒன்றுமில்லை. செயற்றிட்டத்தை மூன்று வருடம் நீடித்தார்கள், அம்பாறையிலும் தொடங்கப்போகிறார்கள். அட்டைப்படத்தில் சிரிக்கும் மனிதர் யார் என்று குழுவிலிருந்த ஒரு அம்மா கேட்டார். எங்கள் மிகச் சிறந்த பயனாளி என்றேன். அவர் படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு, நம்பிக்கை தரும் முகம் என்றார்.

நஸ்ஹா தன் குறிப்பின் பிரதியை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் கோவையிலிருந்ததைக் கிழித்திருக்கமாட்டேன். ஆவணத்தைக் கிழிப்பது குற்றம். அவர் பிறகு முறைப்பாடாக எழுதிய கடிதத்தில் உள்ளதெல்லாம் உண்மை. ஒரு நாள் திகதியைக்கூட அவர் பிழையாக எழுதவில்லை.

இப்போது நீங்கள் தயாரித்த வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். "கவனக்குறைவினால் மரணம் சம்பவிக்கக் காரணமாக இருந்தேன்" என்று இருக்கிறது. எனக்கு உதவுவதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. நன்றி. ஆனால் அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள். அந்த மனிதர் விடயத்தில் நான் ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை. கோப்பை சரிந்ததைப் பார்த்த நிமிடமே, அவருடைய தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பார், போகாவிட்டால் சாவார் என்று தெரியும். தொண்ணூறு நாளுக்குப் பிறகு செத்தால் போதும் என்று தீர்மானித்தேன். ஓட்டோவை மறித்தது, கொப்பியை எடுத்தது, வைத்தியரிடம் நாளைக் குறைத்துச் சொன்னது எல்லாம் அதற்காகத்தான். தெரிந்து, யோசித்து, ஒவ்வொரு நாளும் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டே செய்தேன். அப்படி எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் என் மனதை உறுத்துகிறது. என்னை இடைநிறுத்திய பிறகு புஸ்பம் அக்காவைப் பார்க்க உன்னிச்சைக்கு யாரும் போவதில்லையாம். அவ சாப்பிடுகிறதுமில்லை, பிழை முழுவதும் தன்னுடையது என்று சொல்லிச் சொல்லி அழுகிறாவாம். செயற்றிட்டத்தில் யாராவது ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள் ஐயா. ஒரு ஆளை இப்படிப் பாதியில் கைவிடுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.